மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டப்போ "செட்டிநாட்டு வீடுகளைப் பத்திப் பேசுங்க, ஆத்தங்குடி டைல்ஸ் பத்திப் பேசுங்க"ன்னுதான் கேட்டாங்க. அதைப் பேச நிறையப் பேர் இருக்காங்க, அழகா போட்டோவும் போடறாங்க. நான் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கின கதையைச் சொல்லவான்னு கேட்டேன். போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, சொல்லுங்க"ன்னாங்க.

எங்களுக்குக் காரைக்குடி பக்கம் சின்னதா ஒரு டைல்ஸ் பட்டறை. அப்பா, நாலு வேலையாட்கள், கணக்கும் ஆர்டரும் பார்க்க நான். சென்னையில் மூணு வருஷம் வேலை பார்த்துட்டுத் திரும்பி வந்தவள். ஆத்தங்குடி டைல்ஸைச் சூளையில் சுடறதில்லை. கண்ணாடித் தகட்டு மேல அச்சை வச்சு, கையால கலர் ஊத்தி, மேல சிமெண்ட் மணல் போட்டு அழுத்தி, தண்ணித் தொட்டியில் ஊறவச்சு எடுக்கிறது. அழகெல்லாம் இருக்கட்டும், வண்டியைப் பொறுத்தவரை நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: அது பயங்கர வெயிட். எங்க பட்டறைக் கல்லை எடை போட்டுப் பார்த்தா ஒரு சதுர அடி நாலு கிலோவுக்கு மேல வருது. ஒரு ஹாலும் தாழ்வாரமும் சேர்ந்து 300 சதுர அடின்னு வச்சுக்குங்க, 1,200 கிலோ. அதுவும் உடையாம போகணும். முகத்தோடு முகம் சேர்த்து நிமிர்த்தி அடுக்கி, இடையில் வைக்கோல் திணிச்சு அனுப்புவோம்.

இதுக்கு இத்தனை வருஷமும் வாடகை வண்டிதான். மாசத்துக்கு எட்டு ஒன்பது ட்ரிப். மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், எப்பவாவது சென்னை. ஒரு வருஷ பில்லையெல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன், சராசரியா மாசம் 38,000 ரூபாய் வாடகைக்கே போயிருந்தது. "சொந்தமா ஒரு வண்டி வாங்கலாம்ப்பா"ன்னு கேட்டேன். அப்பா பதில் சொல்லாம எழுந்து தொட்டிப் பக்கம் போயிட்டார்.

ஏன்னு எனக்குத் தெரியும். 2013-ல் அப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் லோடு வண்டி வாங்கினார். விற்றவர் ஆர்சி புக் கொடுத்தார், கையெழுத்துப் போட்ட ஃபார்மும் கொடுத்தார். பேரை மாத்திக்கலாம் மாத்திக்கலாம்னு அப்பா தள்ளிப் போட்டுட்டார். ஏழாவது மாசம் ஒருநாள் காலையில் பட்டறை வாசலுக்கு நாலு பேர் வந்தாங்க. வண்டி மேல ஃபைனான்ஸ் இருக்கு, டியூ கட்டலைன்னு சொல்லி, ஏத்தின கல்லை எங்களை வச்சே இறக்கச் சொல்லி, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்ப நான் பதினொண்ணாவது படிச்சுட்டு இருந்தேன். தெருவே நின்னு பார்த்தது. போன பணத்தை விட, எல்லார் முன்னாடியும் தன் கையாலேயே கல்லை இறக்கினதுதான் அப்பாவுக்கு. அதுக்கப்புறம் அவர் வண்டிங்கிற பேச்சையே எடுத்ததில்லை.

அதனால இந்தத் தடவை நான் வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பேப்பரைப் படிச்சேன். உங்களுக்கும் அதையே முதல்ல சொல்லிடறேன், கொஞ்சம் போரடிக்கும், பொறுத்துக்குங்க.

ஆர்சியில் 'ஹைபோதிகேஷன்'னு ஒரு இடம் இருக்கும், சுருக்கமா ஹெச்பி. அதுல ஒரு பேங்க் பேரோ ஃபைனான்ஸ் பேரோ இருந்தா, கடன் முடியலைன்னு அர்த்தம், இல்லைன்னா முடிச்சும் பேரை எடுக்கலைன்னு அர்த்தம். "முடிச்சாச்சுங்க, என்ஓசி வாங்கணும், அவ்வளவுதான்"னு சொல்வாங்க. அந்த என்ஓசியும் ஃபார்ம் 35-ம் கைக்கு வந்து, ஹெச்பி கேன்சல் ஆகி, அது ஆன்லைன்ல தெரியற வரைக்கும் டோக்கன் அட்வான்ஸ் தவிர ஒரு ரூபாய் தராதீங்க. எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டாலே எந்த வருஷ வண்டி, எஃப்சி எது வரைக்கும், இன்சூரன்ஸ் எது வரைக்கும், ஃபைனான்ஸ் இருக்கா இல்லையான்னு காட்டிடும். 2013-ல் எங்க அப்பா கையில் இது இல்லை. ஈ-சலான் பாக்கியையும் அங்கேயே பார்த்திடுங்க. பழைய ஓனர் சிக்னலில் நிக்காம போனதுக்கு நீங்க தண்டம் கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது பேர் மாத்தறது. ஃபார்ம் 29, ஃபார்ம் 30. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி ஒரே மாநிலத்துக்குள்ள விற்றா, விற்றவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள மாத்தணும். நம்ம ஊர்ல இது வருஷக்கணக்கில் கிடக்கும், "ஓப்பன் ஃபார்ம்"னு பெருமையா வேற சொல்வாங்க. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவா சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்சியில் யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். அதனால ஒழுங்கா விற்கிறவருக்கும் பேர் மாறணும்கிற அவசரம் இருக்கும். இருக்கணும். இல்லாதவரைப் பார்த்தா நான் கொஞ்சம் யோசிப்பேன்.

எஃப்சி, அதாவது தகுதிச் சான்று. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதுக்கு மேல வருஷா வருஷம். எஃப்சி முடியற நேரத்தில் வண்டி ஏன் மலிவா விற்பனைக்கு வருதுன்னு கேட்டா, எஃப்சி காட்டறதுக்கான டிங்கரிங், பெயிண்ட், டயர், ஸ்டிக்கர் செலவெல்லாம் உங்க தலையில் வரும். அதை விலையில் கழிக்கணும். இன்னொண்ணு, நகரத்தில் இருக்கறவங்க எப்பவும் கேட்கற கேள்வி: பத்து வருஷமான டீசல் வண்டியை ஓட்ட விடுவாங்களா? அந்தத் தடை டெல்லி, அதைச் சுத்தின தேசியத் தலைநகர் பகுதிக்கு வந்தது, 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவிலிருந்து ஆரம்பிச்சது. தமிழ்நாட்டில் எஃப்சி இருந்தா ஓடும், பசுமை வரி கட்டணும்.

சரி, பேப்பர் போதும். வண்டிக்கு வரலாம்.

இந்த அளவு லோடுக்கு நம்ம ஊர்ல மூணு நாலு வண்டிதான் சுத்துது. 2005-ல் டாடா ஏஸ் வந்தப்போ நம்ம ஆளுங்க அதுக்கு 'குட்டி யானை'ன்னு பேர் வச்சாங்க. 702 சிசி, ரெண்டே சிலிண்டர், முக்கால் டன். ஊருக்குள்ள அருமையான வண்டி, ஆனா எங்க கல்லுக்குப் பத்தாது. பொலேரோ பிக்கப் ஒண்ணே கால் டன்னுக்கு மேல வகைவகையா இருக்கு. 2011-ல் அசோக் லேலண்ட் ஓசூரில் இருந்து விட்ட தோஸ்த் ஒண்ணே கால் டன். நான் கடைசியில் எந்தக் கம்பெனி வண்டி வாங்கினேன்னு இங்க சொல்லப் போறதில்லை. மூணு லட்சம் ஓடின வண்டியில் என்ன பழுது வந்தாலும் அதுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. கமெண்டில் சண்டை போடாதீங்க.

முதல் வண்டியைக் கொண்டு வந்தது எங்க தாய்மாமா. அம்மாவோட தம்பி. அவருக்கு வண்டி புரோக்கர்கள் நிறையப் பழக்கம். "உனக்காகச் சொல்லி வச்சிருந்தேன், 2017 மாடல், ஒரே ஓனர், 1,38,000தான் ஓடியிருக்கு, நாலு அறுபது கேட்கிறான், பேசி நாலு முப்பதுக்கு முடிச்சுத் தரேன்"னார். வண்டியும் புதுசு மாதிரி. பளபளன்னு வெள்ளை, சீட் கவர் புதுசு, டேஷ்போர்டில் பிள்ளையார்.

நூறடி ரோட்டுப் பக்கம் போய்ப் பார்த்தோம். நானும் என் தம்பியும். தம்பிக்கு சைக்கிளுக்கு மேல எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனா புரோக்கர் பேசினது முழுக்க அவன்கிட்டதான். நான் கேள்வி கேட்பேன், பதில் தம்பிக்குப் போகும். "கிளட்ச் எப்ப மாத்தினீங்கண்ணே?"ன்னு நான் கேட்டா, "தம்பி, கிளட்ச்செல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கும் தம்பி." அவன் பாவம், தலையை ஆட்டிட்டே நின்னான்.

மறுநாள் காலையில் ஆறரைக்கு வரேன், வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்கன்னு சொல்லிட்டு வந்தேன். இது எங்க மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தது. டீசல் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் உண்மையைப் பேசும். சூடான இன்ஜின் எல்லாம் சட்டுன்னு எடுக்கும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில் கம்ப்ரஷன் குறைஞ்சிருந்தா, இன்ஜெக்டர் சரியில்லைன்னா, செல்ஃப் இழுத்துட்டே இருக்கும், வெள்ளைப் புகை வரும். நான் ஆறு மணிக்கே போயிட்டேன். பானெட் மேல கையை வச்சேன். சுட்டது.

"ஏண்ணே சூடா இருக்கு?"

"இப்பதான் தம்பி டீக்கடைக்குப் போயிட்டு வந்தேன்"னார். தம்பி அன்னைக்கு வரவே இல்லை.

மெக்கானிக் அண்ணனுக்கு ஆயிரம் ரூபாய் பேசிக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அந்த ஆயிரம்தான் இந்தக் கதையிலேயே நான் செஞ்ச நல்ல செலவு. அவர் முதல்ல இன்ஜினைத் தொடலை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலைப் பார்த்தார். கிளட்ச் பெடல் ரப்பர் புதுசு, பிரேக் ரப்பர் புதுசு. "1,38,000 ஓடின வண்டிக்கு ரப்பர் மாத்த வேண்டிய அவசியமே இல்லையே"ன்னு முணுமுணுத்தார். ஸ்டியரிங்கில் கவர் போட்டிருந்தது, அதை ஒதுக்கிப் பார்த்தா அடியில் வீல் தேஞ்சு வழுவழுன்னு இருந்தது. கியர் நாப்பில் நம்பரே இல்லை.

அப்புறம் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் டப்பாவுக்குப் பின்னாடி கையை விட்டார். அங்க ஒரு அட்டை, கம்பியில் கட்டித் தொங்கிட்டு இருந்தது. ஆயில் மாத்தினா சில பட்டறைகளில் கட்டி விடுவாங்களே, அந்த அட்டை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டு என்கிட்ட காட்டினார். அடுத்த ஆயில் மாத்த வேண்டியது 2,46,000-ல். தேதி ரெண்டு வருஷத்துக்கு முந்தினது.

மீட்டரைத் திருப்பறது இப்ப பெரிய விஷயமே இல்லை. டிஜிட்டல் மீட்டர்னா இன்னும் சுலபம், ஒரு கருவியை இணைச்சு நம்பரை அடிச்சா முடிஞ்சது. பெயிண்ட் அடிச்சவங்களுக்கு, சீட் தைச்சவங்களுக்கு, மீட்டர் திருப்பினவங்களுக்கு ஒரு அட்டையைக் கழட்டத் தோணலை.

நான் சத்தம் போடலை. "யோசிச்சுச் சொல்றோம்"னு சொல்லிட்டு வந்துட்டேன். சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். அட்டையைப் பத்திச் சொன்னேன். அவர் முகம் மாறிடுச்சு. "அப்ப நான் உங்களை ஏமாத்தறேன்னு சொல்றியா?"ன்னார். நான் அப்படிச் சொல்லலை. அவருக்கும் தெரியாம இருந்திருக்கலாம், தெரிஞ்சும் இருந்திருக்கலாம், இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா நடுவில் நின்னுட்டு ரெண்டு பேரையும் பார்த்தாங்க. "நாலு பேர்கிட்ட சொல்லி வச்சு, உனக்காகத்தான் பிடிச்சேன். இனிமே உங்க வண்டி விஷயத்துல நான் வரலை"ன்னு செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்டார். அம்மா போட்டு வச்ச காபி அப்படியே இருந்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு அவர் வரலை. அம்மாவுக்குத் தாய்வீட்டு உறவுன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தான்.

ரெண்டாவது வண்டி புதுவயலில் கிடைச்சது. அங்க அரிசி ஆலைகள் நிறைய. ஒரு ஆலைக்கு அரிசி மூட்டை ஓட்டிட்டு இருந்த பெரியவரோட சொந்த வண்டி. 2014 மாடல். மீட்டர் 3,12,000. அதை அவர் மறைக்கவே இல்லை, நாங்க உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே, "வண்டி மூணு லட்சத்துக்கு மேல ஓடியிருக்கும்மா, அதுக்குச் சம்மதம்னா பேசலாம்." கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து ராத்திரி ஓட்ட முடியலையாம். பையன் சிங்கப்பூரில் இருக்கார், "போதும்ப்பா"ன்னு சொல்லிட்டாராம். என்னை 'நீ'ன்னுதான் பேசினார், ஆனா என்னைப் பார்த்துப் பேசினார்.

மூணு லட்சம்னு கேட்டதும் எனக்கும் பக்குன்னுதான் இருந்தது. மெக்கானிக் அண்ணன்தான் ஒரு கணக்குச் சொன்னார், நான் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். இன்ஜினுக்குக் கிலோமீட்டர் தெரியாது, ஓடின நேரம்தான் தெரியும். ஊருக்குள்ள நின்னு நின்னு ஓடற வண்டி சராசரியா மணிக்கு 18 கிலோமீட்டர் போகும்னு வைங்க. 1,40,000 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 7,800 மணி நேரம். இந்தப் பெரியவர் புதுவயலில் ஏத்தி புதுக்கோட்டை, திருச்சின்னு ரோட்டிலேயே ஓடினவர். சராசரி 40 வச்சா, மூணு லட்சத்துக்கு 7,500 மணி நேரம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதுவும் ஊருக்குள்ள ஓடினதுக்குக் கிளட்ச், பிரேக், செல்ஃப் எல்லாம் பல மடங்கு வேலை. அதுக்காக மூணு லட்சம் ஓடினதெல்லாம் நல்ல வண்டின்னு இல்லை. ஆயில் மாத்தாம மூணு லட்சம் ஓடினது இரும்புக் கடைக்குத்தான்.

பெரியவர் உள்ள போய் ரெண்டு நோட்டு எடுத்துட்டு வந்தார். பழைய நாற்பது பக்க நோட்டு. டீசல் எத்தனை லிட்டர், மீட்டர் எவ்வளவு, ஆயில் எப்ப, எந்த டயரை எந்தப் பக்கம் மாத்தினது, எல்லாம் நீல மையில். 1,90,000-ல் டர்போ வேலை. 2,20,000-ல் கிளட்ச். 2,64,000-ல் இன்ஜின் ஹெட்டைக் கழட்டி கேஸ்கட் மாத்தினது, அதுக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு: 'தண்ணி பார்க்காதது என் தப்பு.' அந்த வரியைப் படிச்சதும் நான் பாதி முடிவு பண்ணிட்டேன். அண்ணன் முடிவு பண்ணலை. அவருக்கு நோட்டு மேல நம்பிக்கை கிடையாது.

மறுநாள் காலை ஆறுக்கு பானெட் ஜில்லுன்னு இருந்தது. ரெண்டாவது செல்ஃபில் எடுத்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, அரை நிமிஷத்தில் நின்னுடுச்சு. இன்ஜெக்டர் சர்வீஸ் பண்ணணும்னு அண்ணன் சொன்னார். புகை பத்தி அவர் சொன்னதைச் சொல்லிடறேன். கறுப்புன்னா டீசல் அதிகம், காத்து கம்மி. ஃபில்டர், டர்போ, இன்ஜெக்டர் பக்கம் பார்க்கணும், செலவு தாங்கும். சூடான பிறகும் வெள்ளை நிக்கலைன்னா இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ, தண்ணி உள்ள போறதாகூட இருக்கலாம். நீலம் வந்தா இன்ஜின் ஆயில் எரியுது, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

அடுத்து, ஓடிட்டு இருக்கும்போதே ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து அதே ஓட்டை மேல தலைகீழா வச்சார். மூடி லேசா ஆடுது, அவ்வளவுதான். பிஸ்டன் ரிங் தேஞ்ச இன்ஜின்னா உள்ள இருந்து குபுகுபுன்னு புகை தள்ளும், மூடியே எகிறும். இதைத்தான் 'பேக் கம்ப்ரஷன்'னு சொல்றாங்க. இதை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊத்தி வைக்கிறவங்க உண்டு, அதனால டிப் ஸ்டிக்கை எடுத்து விரலில் தேய்ச்சும் பார்த்தார். ரேடியேட்டர் தண்ணியில் எண்ணெய்ப் படலம் இருக்கான்னு பார்த்தார், இல்லை. ஆனா தண்ணி செம்மண் கலர்.

அப்புறம் சாக்கைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்துட்டார். சேசிஸ் ரெண்டு பக்கமும், பின் பிளேட்டு கட்டற பிராக்கெட் பக்கத்துல வெல்டிங் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்க்கிறார். ஓவர்லோடு ஓட்டின வண்டி அங்கதான் விரியும். சேசிஸில் வெல்டிங் பார்த்தா எவ்வளவு மலிவுன்னாலும் வேண்டாம். இந்த வண்டியில் வெல்டிங் இல்லை. ஆனா இடது பின் பிளேட்டில் ஒண்ணு உடைஞ்சிருந்தது, புஷ் எல்லாம் போயிருந்தது. பெரியவரே குனிஞ்சு பார்த்துட்டு, "அது நான் பார்க்கலைம்மா"ன்னார்.

கடைசியா, நான் கேட்ட ஒரு விஷயம். காலி வண்டியை ஓட்டிப் பார்க்க மாட்டேன்னு சொன்னேன். காலியா ஓட்டினா எல்லாமே நல்ல வண்டிதான். எங்க பட்டறையிலிருந்து 800 கிலோ கல்லை ஏத்தி குன்றக்குடி வரைக்கும் போய் வந்தோம். நான் ஓட்டினேன். இதுக்குத் தனி லைசென்ஸ் வேணுமான்னு நிறையப் பேர் கேட்கறாங்க. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிடுச்சு, எல்எம்வி லைசென்ஸ் இருந்தா 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டி ஓட்டலாம்னு. பெரியவர் பக்கத்து சீட்டில், அண்ணன் பின்னாடி கல்லோடு. மூணாவது கியரிலிருந்து நாலு போடும்போது கொஞ்சம் கரகரன்னுச்சு. ஏத்தத்தில் கிளட்ச் வழுக்குது: இன்ஜின் சத்தம் கூடுது, வண்டி வேகம் கூடலை. பெரியவருக்கும் தெரிஞ்சது. வெளியே பார்த்துட்டே, "கிளட்ச் போட்டுக்கணும்"னார். பின் கிரவுனில் சத்தம் இல்லை. பிரேக் ஒரு பக்கம் இழுக்கலை.

அவர் கேட்டது 3,40,000. உடைஞ்ச பிளேட்டு, கிளட்ச், தேஞ்ச ரெண்டு டயர், எல்லாத்தையும் ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். 3,15,000-க்கு முடிஞ்சது. இன்னும் இழுத்திருக்கலாம்னு அண்ணன் சொன்னார். இழுத்திருக்கலாம்தான். அந்த நோட்டுக்கு நான் கொடுத்த விலைன்னு வச்சுக்கறேன்.

பணம் அம்மாவோட சீட்டுப் பணம், நகைக் கடன், என் சென்னைச் சேமிப்பில் மிச்சம். ரெண்டு வளையலும் ஒரு செயினும் பேங்க்கில் இருக்கு. இதுல நான் பிடிவாதமா செஞ்சது ஒண்ணு: 60,000 ரூபாயைத் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் விலையே பேசினேன். பழைய வண்டிக்கு விலைன்னு ஒண்ணு, அது நம்ம கைக்கு வந்த பிறகு கேட்கறது இன்னொண்ணு. பையில் இருக்கிற மொத்தத்தையும் வண்டிக்கே கொடுத்துட்டா முதல் மாசமே தெருவில் நிக்கும்.

60,000 பத்தலை, அதையும் சொல்லணும். கிளட்ச் 14,000. நாலு இன்ஜெக்டர் சர்வீஸ் 16,000. ரெண்டு டயர் 15,000. பிளேட்டு, புஷ் 9,500. ஆயில், ஃபில்டர் எல்லாம் 6,000. ரேடியேட்டர் 3,500. பேர் மாத்தறது, ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 7,000. மொத்தம் 71,000. ஆக வண்டி எனக்கு 3,86,000. டீசல், இன்சூரன்ஸ், தூரப் போனா டிரைவர் சம்பளம், ரிப்பேருக்கு ஒதுக்கறது எல்லாம் போட்டா மாசம் 24,000 வருது. 38,000-ல் 14,000 மிச்சம். போட்ட பணம் திரும்ப 28 மாசம் ஆகும், அதுவரைக்கும் பெருசா எதுவும் படுத்துக்கலைன்னா.

பிஎஸ்-6 வண்டியா பார்த்திருக்கலாமேன்னு கேட்டாங்க. விலை ஒரு காரணம். புது டீசலில் புகைக் கரியை வடிகட்டற ஃபில்டர் வருது, ஊருக்குள்ள சின்னச் சின்னதா ஓட்டினா அது அடைச்சுக்கும். சென்சார் லைட் எரிஞ்சா கம்ப்யூட்டர் வேணும். எங்க கல் ராத்திரி ரெண்டு மணிக்கு விராலிமலைப் பக்கம் நின்னா, அங்க இருக்கிற மெக்கானிக் ஸ்பேனரை வச்சு எழுப்பற மாதிரி வண்டி எனக்கு வேணும். காத்து மாசுன்னு பார்த்தா பழைய வண்டி மோசம்தான், அதுக்கு என்கிட்ட சமாதானம் இல்லை.

ஓவர்லோடு ஏத்தறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20,000, கூடுதல் டன்னுக்கு 2,000. அதை விட அந்தப் பிளேட்டு விலை எனக்கு ஞாபகம் இருக்கு. பெரிய ஆர்டர்னா ரெண்டு ட்ரிப். அப்பாவுக்கு இதுல இன்னும் சண்டை, "நூறு கல்லுதானே, போட்டு அனுப்பு"ம்பார்.

பேர் மாறி புது ஆர்சி தபாலில் வர எட்டு நாள் ஆச்சு. அதுவரைக்கும் அப்பா வண்டி பக்கத்துலேயே போகலை. ஆர்சி கையில் வந்ததும் கண்ணாடியைப் போட்டுட்டு, ஹெச்பி இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். காலியா இருந்தது. திருப்பிப் பார்த்தார். அப்புறம் வெளியே போய் டயரை ஒரு உதை உதைச்சுட்டு, "காத்து கம்மியா இருக்கு"ன்னார்.

மாமா கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்தார். வண்டியைப் பத்தி அவரும் கேட்கலை, நானும் சொல்லலை. சாப்பிட்டுட்டு, வாசல்ல நின்ன வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்தார். அம்மா கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்துட்டு இருந்தாங்க. போன மாசம் அவர் வீடு மாத்தினப்போ பீரோவும் கட்டிலும் எங்க வண்டியில்தான் போச்சு. டீசலுக்குன்னு ஐந்நூறு ரூபாய் தந்தார், வாங்க மாட்டேன்னேன், டேஷ்போர்டில் வச்சுட்டுப் போயிட்டார்.

இப்ப மீட்டர் 3,31,000. நோட்டை நான் தொடர்ந்து எழுதறேன். புதுவயல் பெரியவர் மாசம் ஒரு தடவை போன் பண்றார். நலமான்னெல்லாம் கேட்க மாட்டார், "ஆயில் மாத்தியாச்சா?"ன்னுதான் ஆரம்பிப்பார். போன வாரமும் கேட்டார். இன்னும் 400 கிலோமீட்டர் இருக்கு அய்யான்னேன். "நானூறுன்னா திருச்சிக்கு ரெண்டு நடைதாம்மா. இப்பவே வாங்கி வை"ன்னு சொல்லிட்டு வச்சுட்டார்.